வால்வு ரேடியோக்களைச் சேகரித்து இனங்காணுதல்: தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தினருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிரான்சிஸ்டருக்குப் பதிலாக வால்வு எனும் கண்ணாடிக் குழல்களால் இயங்கும் வால்வு ரேடியோவைச் சேகரிக்கத் தொடங்குபவர்களில் பலர் மூன்று காரியங்களைத் தலைகீழ் வரிசையில் செய்கிறார்கள். வாங்கியவுடன் பிளக்கைச் செருகிப் பார்க்கிறார்கள்; பாடவில்லை என்றதும் ஈரத்துணியால் துடைத்து அழகுபடுத்துகிறார்கள்; அதற்குப் பிறகே அது என்ன ரேடியோ, எந்தக் காலத்தது என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய எழுத்துகளில் பாதி அதற்குள் துணியோடு போயிருக்கும், டிரான்ஸ்ஃபார்மரும் கருகியிருக்கலாம். ஆகவே முதலில் பதிவு, அடுத்து இனங்காணல், பின்னர் சுத்தம், கடைசியில் மின்சாரம் என்பதே இங்கே பின்பற்றப்படும் வரிசை.

1. புறப்படும் முன் வைத்துக்கொள்ள வேண்டியவை

டார்ச் விளக்கு, உலர்ந்த மென்மையான பெயின்ட் பிரஷ், இரண்டு மூன்று அளவுகளில் ஸ்க்ரூ டிரைவர்கள், மல்டிமீட்டர், ஒரு குறிப்பேடு, கைபேசி கேமரா, சுற்றி எடுத்துவரப் பழைய போர்வை ஆகியவை போதும். கைகளுக்குக் கையுறை அவசியம். பல ஆண்டுகள் பரணில் கிடந்த பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருப்பது வழக்கம், நம் பக்கத்தில் தேளும் இருக்கும்.

வீட்டில் இரண்டு சாதனங்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். ஒன்று, ரேடியோவுக்குப் போகும் மின்சாரம் ஒரு குண்டு பல்பைக் கடந்தே செல்லும்படி இணைத்த சீரியஸ் போர்டு, எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. மற்றொன்று, வீட்டு மின்இணைப்போடு நேரடித் தொடர்பின்றி மின்சாரம் தரும், உள்ளீடும் வெளியீடும் 230 வோல்ட்டாக இருக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். இதன் தேவை ஐந்தாம் பகுதியில் புரியும். ஓசூரிலிருந்து எளிதில் சென்றுவரக்கூடிய பெங்களூரு சதர் பத்ரப்பா சாலையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ இவை கிடைக்கும். மின்னூட்டத்தைத் தேக்கும் பாகங்களான கண்டென்சர்களை மட்டும் இப்போதே மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். ரேடியோவின் வகை தெரியாமல் வாங்கிய மதிப்புகள் பெரும்பாலும் பயன்படுவதில்லை.

2. எங்கே தேடுவது, என்னவென்று கேட்பது

காயலான் கடைகளையே முதலில் சுற்றுவது பலரின் வழக்கம். நெடுஞ்சாலையோரக் கடைகளுக்கு வந்து சேரும் பெட்டிகளில் செப்புக்கம்பிக்காக டிரான்ஸ்ஃபார்மரும் காந்தத்துக்காக ஸ்பீக்கரும் முன்னரே பிடுங்கப்பட்டிருக்கும் என்பதால், அவை உதிரிப் பாகங்களுக்கே ஏற்றவை. முழுமையான பெட்டி வேண்டுமானால் காவேரிப்பட்டணம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை போன்ற பழைய வணிக ஊர்களின் வீடுகளையும், அவ்வூர்களில் எஞ்சியுள்ள பழைய ரேடியோ மெக்கானிக்குகளையும் நாட வேண்டும். என் கருத்தில் மெக்கானிக் கடையின் பின்னறையே மிகச் சிறந்த இடம். வால்வுகளும் சர்க்யூட் தாள்களும் அங்கே சேர்ந்தே கிடைக்கும்.

வீடுகளில் ‘பழைய ரேடியோ இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டால் டேப் ரெக்கார்டர் முதல் டிரான்சிஸ்டர் வரை எல்லாவற்றையும் எடுத்து வந்து வைப்பார்கள். ‘ஐயா, உங்கள் ரேடியோ போட்டவுடனே பாடுமா, சூடான பிறகு பாடுமா?’ என்று பெரியவர்களிடம் கேட்க வேண்டும். வால்வின் இழை சூடேற அரை நிமிடம் வரை ஆகும். ‘சூடான பிறகுதான்’ என்ற விடை கிடைத்தால் அது வால்வு ரேடியோ. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் மிகுதி என்பதால், அம்மொழி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது.

பெட்டியோடு சேர்த்து, அந்நாளில் தபால் நிலையம் வழங்கிய ரேடியோ லைசென்ஸ் புத்தகம், வாங்கிய ரசீது, கழன்று விழுந்த பின்பலகை, குமிழ்கள் ஆகியவற்றையும் அப்போதே கேட்டுப் பெற வேண்டும். பெட்டி கைமாறிய பிறகு இந்தத் தாள்களை யாரும் தேடி எடுத்துத் தருவதில்லை.

3. விலை பேசும் முன் ஐந்து நிமிடச் சோதனை

பின்பலகையின் ஓட்டைகள் வழியே டார்ச் அடித்துக் கண்ணாடிக் குழல்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மரப்பெட்டியும் பெரிய டயலும் இருப்பதால் மட்டும் அது வால்வு ரேடியோ ஆகிவிடாது. 1960-களின் பிற்பகுதியிலும் அதன் பின்னும் டிரான்சிஸ்டர் பொருத்திய மேசை ரேடியோக்கள் இதே தோற்றத்தில் வந்தன.

அடுத்து, மாற்றுக் கிடைக்காத பொருள்களை மட்டும் கவனிக்க வேண்டும். டயல் கண்ணாடி, குமிழ்கள், பியானோ கட்டை போன்ற பேண்ட் பித்தான்கள், முகப்புச் சின்னம் ஆகிய நான்கும் முக்கியமானவை. உடைந்த டயல் கண்ணாடிக்கு ஈடான அசல் கண்ணாடி கிடைப்பது மிக அரிது. கண்டென்சர், டயல் நூல், ஒயர் ஆகியவை எப்படியும் மாற்ற வேண்டியவை என்பதால் அவற்றின் நிலை விலையைப் பாதிக்கக் கூடாது. மரப்பெட்டியின் அடிப்பாகத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கரையான் உள்ளே தின்றிருந்தால் மேல்தோல் மட்டும் நின்று மெத்தென்று உள்வாங்கும்.

பழைய ரேடியோவுக்குள் ‘ரெட் மெர்குரி’ இருக்கிறது, அது பல லட்சம் பெறும் என்ற வதந்தி இன்னும் ஓயவில்லை. வீட்டு ரேடியோ எதிலும் அப்படி ஒரு பொருள் கிடையாது. அதை நம்பி விலை சொல்பவரிடம் வாதாடுவதில் பயனில்லை. வணக்கம் சொல்லி விடைபெறுவதே மேல்.

4. துடைப்பதற்கு முன் பதிவு செய்தல்

வீட்டுக்கு வந்ததும் பெட்டியின் ஆறு பக்கங்களையும், பின்பலகையின் உட்புறத்தையும், பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டமான சேஸியின் மேல்புறத்தையும் படமெடுக்க வேண்டும். பெட்டியின் உட்சுவரில் ஒட்டிய தாள்களைத் தனித்தனியே நெருக்கமாக எடுக்க வேண்டும். வால்வு எந்த இடத்தில் எது என்று காட்டும் வரைபடம், மாடல் எண், வரிசை எண், விற்ற கடையின் ஒட்டுத்தாள் ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பிறகு உலர்ந்த பிரஷால் தூசியை மட்டும் தள்ள வேண்டும். ஈரத்துணி, சோப்பு நீர், ஸ்பிரிட் ஆகியவற்றை இந்த நிலையில் தொடவே கூடாது. டயல் கண்ணாடியின் எழுத்துகள் பொதுவாக அதன் பின்புறத்தில் அச்சிடப்பட்டவை. பழைய மை ஈரம் பட்டதும் பெயர்ந்து வந்துவிடும். வால்வின் கண்ணாடி மேல் உள்ள எண்ணோ விரல் பட்டாலே அழியக்கூடியது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிகவும் அதிகமாகக் காணப்படுவது இதுதான்: வால்வுகளைப் பளிச்சென்று துடைத்து வரிசையாக அடுக்கிவிட்டு, எது எந்தச் சாக்கெட்டைச் சேர்ந்தது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

டயலில் ஒட்டியிருக்கும் சிறு காகிதத் துண்டையும் பென்சில் கோட்டையும் கூட அழிக்க வேண்டாம். இலங்கை வானொலி எங்கே கிடைக்கும் என்று அந்த வீட்டினர் வைத்துக்கொண்ட அடையாளமாக அது இருக்கலாம்; அந்தப் பெட்டி எங்கே, எப்படிப் புழங்கியது என்பதற்கு வேறு சான்று கிடைக்காமலும் போகலாம்.

5. மின்வகையை முதலில் தீர்மானித்தல்

பெயர், மாடல் எல்லாவற்றுக்கும் முன்னால் இது எந்த மின்சாரத்தில் ஓடும் ரேடியோ என்பதை அறிய வேண்டும், ஏனெனில் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஏ.சி. ரேடியோவில் கனமான மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று சேஸியின் மேல் இருக்கும். அருகில் 110 முதல் 250 வோல்ட் வரை மாற்றியமைக்கும் தேர்வுத் தகடு காணப்படலாம். அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும் வகையில் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. ஸ்பீக்கரோடு இணைந்த சிறிய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இவ்வகையில் வால்வு இழைகள் அனைத்தும் ஒரே சங்கிலியாகத் தொடரில் இணைக்கப்பட்டு, மிச்ச வோல்ட்டேஜைப் பெரிய டிராப்பர் ரெசிஸ்டர் ஒன்று வெப்பமாக எரித்துத் தள்ளும். மெயின்ஸின் ஒரு முனை நேரே சேஸியில் இணைந்திருப்பதால், இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸி முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். குமிழைப் பிடித்திருக்கும் சிறு திருகாணியைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இவ்வகை ரேடியோவைத் திறந்து வேலை செய்யக் கூடாது.

மூன்றாவது வகை பாட்டரி ரேடியோ. மின்சாரம் எட்டாத ஊர்களில் புழங்கிய இவற்றுக்கு இழைக்கு 1.5 வோல்ட்டும் வால்வுகளின் ஆனோடு எனும் நேர்மின்முனைக்கு 90 வோல்ட்டும் தரும் உலர் பாட்டரிப் பொட்டலம் தேவைப்பட்டது. பின்புறம் மெயின்ஸ் ஒயர் இன்றிப் பல முள் கொண்ட பிளக் தொங்கினால் இவ்வகை என்று கொள்ளலாம். இதை ‘ஒயர் அறுந்த ரேடியோ’ என்று எண்ணி மெயின்ஸ் ஒயர் கட்டி 230 வோல்ட் கொடுத்தால் எல்லா வால்வுகளும் ஒரே நொடியில் போய்விடும்.

6. வால்வின் பெயரைப் படித்தல்

வால்வைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்க வேண்டும், திருகக் கூடாது. பேக்லைட் அடிப்பாகம் உள்ள எட்டு முள் ஆக்டல் வால்வை அந்த அடிப்பாகத்தைப் பிடித்தே இழுக்க வேண்டும், கண்ணாடியைப் பிடித்தால் பசை விட்டுக் கழன்றுவிடும். ஒரு நேரத்தில் ஒரு வால்வை மட்டும் எடுத்து, எண்ணைக் குறித்து, அதே சாக்கெட்டில் திருப்பி வைத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

நம் நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் பிலிப்ஸ், முல்லார்டு முறையில் முதல் எழுத்து இழையின் மின்சாரத்தைச் சொல்லும். ‘இ’ (E) என்றால் 6.3 வோல்ட், ஏ.சி. ரேடியோ. ‘யு’ (U) என்றால் 100 மில்லி ஆம்பியர் தொடர் இணைப்பு, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ரேடியோ. ‘டி’ (D) என்றால் 1.4 வோல்ட் வரை, பாட்டரி ரேடியோ. அதாவது ஐந்தாம் பகுதியில் எடுத்த முடிவை இந்த ஒரே எழுத்தால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து வரும் எழுத்துகள் வேலையைச் சொல்பவை; இவற்றில் டயோடு, டிரையோடு போன்றவை மின்முனைகளின் எண்ணிக்கையால் பெயர் பெற்ற வால்வு வகைகள். ‘பி’ இரட்டை டயோடு, ‘சி’ டிரையோடு, ‘எஃப்’ பென்டோடு, ‘எச்’ ஹெக்ஸோடு அல்லது ஹெப்டோடு, ‘எல்’ ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வு, ‘எம்’ நிலையம் சரியாகப் பிடிபட்டதை ஒளியால் காட்டும் மேஜிக் ஐ, ‘ஒய்’ ஏ.சி.-யை டி.சி.-யாக மாற்றும் அரை அலை ரெக்டிஃபையர், ‘இசட்’ முழு அலை ரெக்டிஃபையர். எண்ணின் முதல் இலக்கம் அடிப்பாகத்தைக் குறிக்கும்: 3 என்று தொடங்கினால் பெரும்பாலும் ஆக்டல், 4 எனில் எட்டு முள் ரிம்லாக், 8 எனில் ஒன்பது முள் நோவல், 9 எனில் ஏழு முள் சிறு வால்வு.

எடுத்துக்காட்டாக, இ.சி.எச்.81 (ECH81) என்பதைப் பிரித்தால் 6.3 வோல்ட் இழை, ஒரு டிரையோடு, ஒரு ஹெப்டோடு, ஒன்பது முள் என்று வரும்; ஏரியலிலிருந்து வரும் அலையை இடைநிலை அலைவெண்ணாக மாற்றும் முதல் வால்வு இது. இதனோடு இ.பி.எஃப்.89, இ.எல்.84, இ.இசட்.80 போன்றவை சேர்ந்திருந்தால் அது 1950-களின் பிற்பகுதியையோ அதற்குப் பின்னையோ சேர்ந்த ஏ.சி. மேசை ரேடியோ. யு.சி.எச்.42, யு.எஃப்.41, யு.பி.சி.41, யு.எல்.41, யு.ஒய்.41 என்ற ஐந்தும் வரிசையாக இருந்தால் ரிம்லாக் காலத்து டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ரேடியோ. இந்த ஐந்து இழைகளின் வோல்ட்டேஜைக் கூட்டினால் சுமார் 117 வருகிறது. 230-இல் மீதமுள்ள 113 வோல்ட்டை 100 மில்லி ஆம்பியரில் டிராப்பர் எரிக்க வேண்டும் என்றால் அதன் மதிப்பு ஏறத்தாழ 1100 ஓம், வெளிவரும் வெப்பம் 11 வாட்டுக்கு மேல். அவ்விடத்துப் பெட்டிச் சுவர் கருத்திருப்பதைக் கண்டு தீ விபத்து என்று பயப்பட வேண்டியதில்லை. டி.கே.96, டி.எஃப்.96, டி.ஏ.எஃப்.96, டி.எல்.96 என்ற நான்கும் பாட்டரி ரேடியோவின் தொகுதி.

6வி6, 5ஒய்3 என்று எண்ணில் தொடங்கும் பெயர்கள் அமெரிக்க முறையைச் சேர்ந்தவை. அங்கே முதல் எண்ணே இழையின் வோல்ட்டேஜை ஏறத்தாழக் காட்டும்.

வால்வின் உட்புறம் வெள்ளிப் பூச்சாகப் பளபளத்தால் வெற்றிடம் காக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பூச்சு பால் போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு இனி எதற்கும் உதவாது.

சாக்கெட்டில் இருக்கும் வால்வுதான் அசல் என்று நம்பிவிடவும் கூடாது. ரெக்டிஃபையர் வால்வு கிடைக்காத காலத்தில் மெக்கானிக்குகள் சேஸிக்கு அடியில் அதே வேலையைச் செய்யும் பி.ஒய்.127 டயோடைப் பற்றவைத்துச் சாக்கெட்டைக் காலியாக விட்டிருப்பார்கள். ஆகவே வால்வின் எண், சாக்கெட்டின் முள் எண்ணிக்கை, பெட்டிக்குள் ஒட்டிய வரைபடம் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

7. காலத்தைக் கணித்தல்

இங்கே ஒரே விதிதான். ஒரு ரேடியோவில் உள்ள அசல் பாகங்களில் மிகப் பிந்தியது எதுவோ, அதற்கு முன்னால் அந்த ரேடியோ உருவாகியிருக்க முடியாது. மிகப் பழைய பாகத்தைக் கொண்டு வயதைக் கூட்டிச் சொல்வது விற்பவரின் கணக்கு.

ஆக்டல் அடிப்பாகம் 1935-இல் அறிமுகமானது. நோவல் வால்வுகளோ 1940-களின் இறுதிக்குப் பின்னரே புழக்கத்துக்கு வந்தன. ஆகவே நோவல் வால்வு பொருத்திய ரேடியோவை ‘வெள்ளைக்காரன் காலத்துப் பெட்டி’ என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரில் காந்தத்துக்குப் பதிலாகக் கம்பிச்சுருள் இருந்து, அதற்குத் தனி ஒயர்கள் போனால், அது 1930-கள் அல்லது 1940-களைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல்தான் ரேடியோ வால்வு உற்பத்தியைத் தொடங்கியது என்பதால், எல்லா வால்வுகளும் அதன் முத்திரையோடு இருந்தால் ஒன்று ரேடியோ அதற்குப் பிந்தியது, அல்லது வால்வுகள் மாற்றப்பட்டவை.

டயலில் அச்சிட்ட நிலையங்களும் உதவும். திருச்சி நிலையம் 1939-இலும், விஜயவாடா 1948-இலும், பெங்களூரு 1955-இலும் அகில இந்திய வானொலியில் ஒலிபரப்பைத் தொடங்கின. மைசூர் என்று போட்டுப் பெங்களூருவைப் போடாத டயல் பெரும்பாலும் 1955-க்கு முந்தியது. அலைவெண் ‘மெகா ஹெர்ட்ஸ்’ என்று குறிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் 1960-களுக்கு முன் செல்ல இயலாது; ‘மெகா சைக்கிள்’ என்று இருப்பதை மட்டும் பழமைக்குச் சான்றாகக் கொள்ளவும் முடியாது, அந்த வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

நம் வட்டாரத்துக்கு மட்டும் உரிய சான்று ஒன்று உண்டு. கிருஷ்ணகிரிக் கடை ரசீதில் ‘சேலம் மாவட்டம்’ என்று அச்சிட்டிருந்தால், தருமபுரி மாவட்டம் பிரிக்கப்பட்ட 1965 அக்டோபருக்கு முந்தியது என்று கொள்ளலாம். அதே ஊருக்குத் ‘தருமபுரி மாவட்டம்’ என்று இருந்தால், 1965-க்கும் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004-க்கும் இடைப்பட்டது. விலையில் அணா இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். ‘நயா பைசா’ இருந்தால் 1957 முதல் 1964 வரை. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். கடைக்காரர்கள் அச்சடித்த பழைய ரசீதுப் புத்தகம் தீரும் வரை பயன்படுத்துவார்கள் என்பதால் ஓரிரண்டு ஆண்டு இடைவெளி விட்டே கணிக்க வேண்டும்.

தபால் நிலையத்தில் வழங்கப்பட்ட லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் அதில் உள்ள ரேடியோவின் பெயரையும் எண்ணையும் சேஸியின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். 1980-களின் நடுப்பகுதியில் உரிமக் கட்டணம் நீக்கப்படும் வரை ஆண்டுதோறும் இது புதுப்பிக்கப்பட்டது. எண் பொருந்தவில்லை என்றால் அந்தப் புத்தகம் வேறு ரேடியோவுக்கு உரியது; பொருந்தினாலும் அது உரிமம் பெற்ற ஆண்டைத்தான் காட்டும், தயாரித்த ஆண்டை அன்று.

8. பெட்டியும் சேஸியும் ஒன்றுக்கொன்று உரியவையா

மர்ஃபி, புஷ், எச்.எம்.வி., பிலிப்ஸ், நேஷனல் எக்கோ, ஜி.இ.சி. என்ற பெயர்ப்பலகைகள் எளிதில் கழற்றிப் பொருத்தக்கூடியவை. ஒரு பெட்டியில் வேறொரு சேஸியை உட்கார்த்தி விற்பதும் நடக்கிறது. குமிழ்த் தண்டுகள் முகப்புத் துளைகளின் நடுவே சரியாக வருகின்றனவா, சேஸியைத் தாங்கும் அடித்துளைகள் புதிதாகக் குடையப்பட்டவையா, டயல் முள் கண்ணாடியின் இரு எல்லைகளையும் சரியாகத் தொடுகிறதா என்ற மூன்றும் இதை வெளிக்காட்டிவிடும். பின்பலகையின் வெப்பத் துளைகள் டிராப்பருக்கோ அவுட்புட் வால்வுக்கோ நேரே இல்லாமல் வேறெங்கோ இருந்தால், அந்தப் பலகை இரவல் வந்தது.

சில பெட்டிகளில் ஊராட்சியின் பெயரோ எண்ணோ பெயின்டால் எழுதப்பட்டிருக்கும். அவை பஞ்சாயத்து ரேடியோவாக இருந்திருக்கலாம். அந்த எழுத்தைச் சுரண்டி எடுப்பவர்கள் பெட்டியின் மதிப்பைத் தாமே குறைத்துக்கொள்கிறார்கள்.

9. முதல் முறை மின்சாரம் கொடுத்தல்

மின்சாரத்துக்கு முன் மல்டிமீட்டரால் மூன்று இடங்களை அளக்க வேண்டும்: ஒவ்வொரு வால்வின் இழை, மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் முதற்சுருள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதற்சுருள். தொடர் இணைப்பு ரேடியோவில் ஓர் இழை அறுந்தாலும் எதுவுமே ஒளிராது.

மெழுகு தடவிய காகிதக் கண்டென்சர்களை, குறிப்பாக அவுட்புட் வால்வில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையான கிரிடுக்குப் போகும் கப்ளிங் கண்டென்சரை, முதலிலேயே மாற்றிவிட வேண்டும். அது கசிந்தால் கிரிடில் நேர்மின்னழுத்தம் ஏறி, அவுட்புட் வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து, தன்னோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கருக்கிவிடும். ‘பாடுகிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவதற்கு இதில் இடமில்லை. பழைய எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களையும் மாற்ற வேண்டும். பழைய உறையைத் தோற்றத்துக்காக இடத்திலேயே விட்டுவிடலாம்.

ஏ.சி. ரேடியோவில் முதலில் எல்லா வால்வுகளையும் எடுத்துவிட்டு, டயல் பல்புகளையும் கழற்றிவிட்டு, 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு சீரியஸ் போர்டு வழியே டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு நொடிநேரம் மினுங்கி அணைவது நல்ல அறிகுறி. முழு ஒளியோடு எரிந்துகொண்டே இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே ஷார்ட். கால் மணி நேரம் கழித்து அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின் டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுச் சூடு பார்த்து, அதன் பிறகே வால்வுகளை ஏற்ற வேண்டும். ரெக்டிஃபையர் வால்வு கடைசியில் வர வேண்டும், ஏனெனில் உயர் வோல்ட்டேஜ் அதன் வழியேதான் பிறக்கிறது. அணைத்த பிறகும் கண்டென்சரில் 250 வோல்ட்டோ அதற்கு மேலோ தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே வடித்துவிட்டு, மீட்டரால் உறுதிசெய்த பின்னரே கை வைக்க வேண்டும்.

ரேடியோ உயிர் பெற்றதும் தருமபுரி பண்பலையைத் தேடிச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. நம் பக்கம் கிடைக்கும் வால்வு ரேடியோக்களில் பெரும்பாலானவை மத்திய அலையும் சிற்றலையும் மட்டும் பெறுபவை. பண்பலை அவற்றில் வராது. மத்திய அலையில் பெங்களூருவின் 612, சென்னையின் 720, திருச்சியின் 936 கிலோ ஹெர்ட்ஸ் ஆகிய இடங்களில் முள்ளை வைத்து, இருட்டிய பிறகு, பத்துப் பதினைந்து அடி ஒயரை ஏரியலாகக் கட்டிக் கேட்க வேண்டும். எல்.இ.டி. பல்பும் கைபேசி சார்ஜரும் அருகில் இருந்தால் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்காது, அதைக் கண்டு ரேடியோவைக் குறை சொல்ல வேண்டாம்.

10. பதிவேடு

ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி மாடல், வரிசை எண், மின்வகை, வந்தபோது இருந்த வால்வுகள், வரைபடத்தின்படி இருக்க வேண்டிய வால்வுகள், கணித்த காலம், அதற்கான சான்று, மாற்றிய பாகங்கள், கிடைத்த ஊர் ஆகியவற்றை எழுத வேண்டும். கணித்த காலத்தைச் சான்றின்றி எழுதினால் சில ஆண்டுகளில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும். கழற்றிய பழைய கண்டென்சர்களை ஓர் உறையிலிட்டு அதே எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். ஒரே மாடலில் இன்னொரு பெட்டி கிடைத்து, அதன் எழுத்துகள் அழிந்திருந்தால், மதிப்புகளை அந்த உறையிலிருந்து படித்துக்கொள்ளலாம்.